உண்ணிக்கு வைத்த சுண்ணாம்பு

உண்ணி கடித்தால் வலிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், கடித்தது கூடவா தெரியவில்லை என்று என்னைக் கேட்காதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. தேள் கொட்டினால் ஊரைக் கூட்டுகிறோம், கட்டெறும்பு கடித்தால் குதிக்கிறோம். உண்ணி அப்படி இல்லை. வாயைத் தோலில் இறக்கும்போதே அந்த இடம் மரத்துப்போக ஏதோ ஒன்றைச் சேர்த்து இறக்குகிறது. ஆடாமல் அசையாமல் ஒட்டியிருக்க ஒரு பசையையும் தானே சுரந்துகொள்கிறது. இதெல்லாம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மயக்க மருந்தும் கோந்தும் கைவசம் வைத்திருக்கிற ஜந்துவையா அத்தனை நாளும் நகத்தில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்கு ஏற்பட்ட ஆச்சரியம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நான் பிறந்தது வாலாஜாபாத்தில். அப்பாவுக்கு ரைஸ் மில்லில் வேலை. எங்கள் வீட்டில் ஆடு மாடு கிடையாது, பால் வாசலுக்கு வரும். கல்யாணமாகி சாலவாக்கம் பக்கத்து ஊருக்கு வந்தபோது, வீட்டுக்காரரோடு சேர்த்து எனக்குக் கிடைத்தவர்கள் மூன்று பேர்: என் மாமியார், செவலை என்ற பசு, கருவாயன் என்ற நாய். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். கருவாயன் மாட்டுக் கொட்டகையில் செவலையின் வயிற்றை ஒட்டித்தான் படுக்கும். இரண்டுக்கும் உண்ணி பொது.

மத்தியான வெயிலில் ஏரிக்கரையிலிருந்து மாடு திரும்பி வந்து படுத்ததும் உண்ணி எடுக்க உட்காருவோம். காது மடல், வால் அடி, மடியின் பின்பக்கம் என்று அது பதுங்குகிற இடங்கள் உண்டு. ஆம்பிளைகள் எடுத்தால் சாணியில் புதைப்பார்கள். பெண்கள் அப்படிச் செய்வதில்லை. பேன் குத்திப் பழகிய கை, உண்ணியையும் இரண்டு கட்டைவிரல் நகத்துக்கு நடுவில் வைத்து ஒரு அழுத்து. பட் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். வந்த புதிதில் எனக்குக் குமட்டும். அத்தை, "டவுன் பொண்ணு, பாலு மட்டும் இனிக்குதா?" என்று கிண்டல் செய்வார். ரோஷம் வந்து பழகினேன். பிறகு என் அளவுக்கு வேகமாக உண்ணி குத்த அந்தத் தெருவில் ஆள் இல்லை. நடவு முடிந்து விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். அந்த விரலோடுதான் குத்துவேன், நகத்தில் பட்ட ரத்தத்தைக் கொட்டகைக் கம்பத்தில் துடைத்துவிட்டு எழுந்து போவேன்.

அந்த வருஷம் எனக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒன்று தங்காமல் போயிருந்தது. அதனால் இந்தப் பிள்ளை வயிற்றில் முதல்முறை புரண்டபோது நான் அழுதேன், அத்தை அழுதார், வீட்டுக்காரர் காரணம் புரியாமல் வெளியே போய் நின்றார்.

ஒருநாள் குளிக்கும்போது அடிவயிற்றுக்கும் தொடைக்கும் நடுவில், பாவாடை நாடாவுக்குக் கீழே, கையில் ஏதோ தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தேன், உண்ணி. கல்லில் வைத்துத் தேய்த்துவிட்டுக் குளியலை முடித்தேன். அடுத்த சில நாளில் அந்த இடம் லேசாக அரித்தது. ஆறு மாத வயிறு மறைக்கிறது, என் இடுப்புக்குக் கீழே என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாத காலம். அத்தையைப் பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு, வெற்றிலைப் பையிலிருந்த டப்பாவைத் திறந்து சுண்ணாம்பை எடுத்துத் தடவினார். எங்கள் பக்கத்தில் எது கடித்தாலும் சுண்ணாம்புதான். தினமும் ஒரு தடவை தடவினார். அது காய்ந்து வில்லையாக ஒட்டிக்கொண்டது. ஓரத்தில் தோல் வெந்து எரிந்தது. சுண்ணாம்பு என்றால் எரியத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் எனக்குப் புதிதில்லை, ஆனால் இது வேறு. தலைக்குள் யாரோ உரல் இடிக்கிற மாதிரி வலி. கண்ணைத் திறந்தால் வெளிச்சம் குத்தியது. முட்டி, முதுகு, கெண்டைக்கால் எல்லாம் அடித்துப் போட்டதுபோல் ஆனது. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவப்பாகத் தடித்துப் புள்ளிகள் கிளம்பின. அத்தை பார்த்த மாத்திரத்தில் கையெடுத்துக் கும்பிட்டார். தாயார் வந்துவிட்டாள், அம்மை போட்டிருக்கிறது என்றார்.

அப்புறம் என்ன, வாசலில் வேப்பிலை. வீட்டில் தாளிப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, வெளியாட்கள் யாரும் உள்ளே வரக்கூடாது. முக்கியமாக ஊசி, மாத்திரை கூடாது. பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று சுவருக்குச் சுவர் எழுதியிருந்த காலம்தான் அது. சுவரில் எழுதினால் தாயார் வராமல் போய்விடுவாளா என்று அத்தை கேட்டார். வீட்டுக்காரர் மெதுவாக டாக்டர் பேச்சை எடுத்தபோதெல்லாம் அவரைப் பார்வையாலேயே உட்காரவைத்தார். எனக்கு இளநீரும் கூழும் கொடுத்து, வேப்பிலையால் வருடிக்கொண்டு, தூங்காமல் பக்கத்திலேயே கிடந்தார். அந்தக் கை இல்லாவிட்டால் நான் பயத்திலேயே போயிருப்பேன். இப்போது அதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

காய்ச்சல் இறங்கவில்லை. புள்ளிகள் கையிலிருந்து தோளுக்கும் காலிலிருந்து வயிற்றுக்கும் ஏறின. சில இடங்களில் சிவப்பு மாறிக் கத்தரிப்பூ நிறமானது. எல்லாவற்றையும்விட என்னைக் கலக்கியது ஒன்றுதான். வயிற்றில் பிள்ளை புரளவில்லை. நேற்று புரண்டதா, முந்தாநாள் புரண்டதா என்று எனக்கே நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. வாய் திறந்து சொல்லவும் பயம். சொன்னால் உண்மையாகிவிடுமோ என்று இருந்தது.

ஒருநாள் காலை அத்தை என் கையை விரித்து வெளிச்சத்தில் பார்த்தார். பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். விரலால் ஒரு புள்ளியை அழுத்திப் பார்த்தார். பிறகு தாழ்வாரத்தில் இருந்த மகனைக் கூப்பிட்டார்.

"டேய், தாயாரு வந்தா முத்து நீர் கோக்கணும். எத்தினி பேருக்குப் பாத்துக்கீறேன். இது ஒண்ணுகூட நீர் கோக்கல. உள்ளங்கால்ல வேற ஏறிக்கினு போவுது. இது தாயாரு இல்ல, வேற இன்னாவோ கீது. வண்டியக் கட்டு."

அத்தனை நாள் ஊசிக்கு மறித்து நின்றவர் ஒரு நிமிஷத்தில் வழி விட்டார். வாசல் வேப்பிலையை அவரே எடுத்து, கும்பிட்டு, கிணற்றடியில் வைத்தார்.

பக்கத்து வீட்டு மாட்டு வண்டியில் ரோடு வரைக்கும், அங்கிருந்து பஸ்ஸில். என் கையைப் பார்த்ததும் பஸ்ஸில் முன்பக்கம் முழுக்கக் காலியாகிவிட்டது. படுத்துக்கொண்டே போக இடம் கிடைத்தது, அதுவும் நல்லதுதான். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பினாயில் வாடையும், சுவரில் சாய்ந்து தூங்குகிற சொந்தக்காரர்களும், எங்கே போகவேண்டும் என்று யாரைக் கேட்டாலும் நீட்டுகிற ஒரே திசையும் எல்லா இடத்திலும் ஒன்றுதானே. பெஞ்சில் உட்கார இடமில்லாமல் வீட்டுக்காரர் துண்டை விரித்துத் தரையில் என்னைப் படுக்க வைத்தார்.

என்னைப் பார்த்தது ஒரு டாக்டரம்மா. குள்ளமாக இருப்பார், வேகமாக நடப்பார், பேசும்போது மட்டும் நிதானம். முதலில் காய்ச்சலை இறக்க ஈரத்துணி போடச் சொன்னார். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து மலேரியா இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. நரம்பில் ரத்தம் எடுத்து டைபாய்டு பார்த்தார்கள், அதுவும் இல்லை. தகரத்தில் செய்த ஊதல் போன்ற ஒரு குழலை என் வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை வைத்துக் குனிந்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். இடம் மாற்றி மாற்றி வைத்துவிட்டு நிமிர்ந்தவர், துடிப்பு இருக்கிறது, ஆனால் ரொம்ப வேகம், உங்கள் காய்ச்சல் குழந்தையையும் சுடுகிறது என்றார். இருக்கிறது என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது எனக்கு.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இருந்த புள்ளிகள் அவரை விடவில்லை. திரும்பத் திரும்ப வந்து பார்த்தார். வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள், எலி உண்டா, நாய் உண்டா என்று கேட்டார். திரையை மூடிக்கொண்டு தலைமயிரைப் பிரித்து, காதுக்குப் பின்னால், கக்கத்தில், இடுப்பில் என்று எதையோ தேடினார். அடிவயிற்றில் காய்ந்து கிடந்த சுண்ணாம்பைக் கண்டதும் இது என்ன என்றார். சுண்ணாம்பு வைத்தது, வெந்துவிட்டது என்றேன். நான் சொன்னது பொய்யில்லை, என்றோ பிடுங்கிப்போட்ட உண்ணி அந்தக் காய்ச்சலில் என் நினைவுக்கே வரவில்லை. ஓரத்தில் வெந்த தோல் அவருக்கும் கண்ணில் பட்டது. சரி என்று துணியை மூடிவிட்டு வேறு இடத்தில் தேடப் போனார்.

அன்று முழுக்க எனக்கு நினைவு வந்து வந்து போனது. ஊரிலிருந்து வந்த அத்தை தலைமாட்டில் நிற்பது தெரியும், கண்ணை மூடித் திறந்தால் அவர் கால்மாட்டில் இருப்பார். வீட்டுக்காரரிடம் நிலைமை சரியில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னிடம் அதைச் சொல்லாமல், செவலை இன்று நிறையப் பால் கொடுத்தது என்றார். பால் கறக்க அங்கே ஆள் ஏது என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

டாக்டரம்மா மறுபடி வந்தபோது அத்தைதான் எனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். உதட்டோரத்தில் வெற்றிலைச் சிவப்பு. டாக்டரம்மா அதைப் பார்த்தார். இவருக்குச் சுண்ணாம்பு வைத்தது நீங்களா, எதற்கு வைத்தீர்கள் என்று கேட்டார். அத்தை திட்டு விழப்போகிறது என்று கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"உண்ணி கட்ச்ச எடம்மா. அது கறுப்பாக் கெடந்துச்சி, அதான் வெச்சேன்."

"சுண்ணாம்பு வெச்சு கறுத்துதா, கறுத்ததுக்கு அப்புறம் வெச்சீங்களா?"

"முந்தியே கறுப்புதாம்மா. நெருப்பு பட்ட மாதிரி இருந்துச்சி. இவுளுக்கு வயிறு மறைக்குது, தெரியாது. நான்தான் பாத்தேன்."

டாக்டரம்மா திரையை இழுத்து மூடி, பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, அந்த வில்லையின் மேல் வைத்துக் காத்திருந்தார். ஊறியதும் வெள்ளை மெல்ல மெல்லக் கரைந்து வந்தது. அடியில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு, அதைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம். எனக்குப் பார்க்க முடியவில்லை. அத்தை பார்த்துச் சொன்னார். டாக்டரம்மாவின் முகத்தில், தொலைந்துபோன சாவி கிடைத்தவரின் நிம்மதி இருந்தது.

பிறகு எங்கள் மூன்று பேரையும் வைத்துக்கொண்டு புரியும்படி சொன்னார். உண்ணிக்குள் ஒரு கிருமி இருக்கிறது. உண்ணி கடித்தாலும் சரி, உண்ணியை நசுக்கி அந்த ரசம் வெடிப்பு விரலில் பட்டாலும் சரி, உள்ளே போய்விடும். நுழைந்த இடத்தில் இப்படிக் கறுப்பாகப் பொருக்குக் கட்டும், அதுதான் அதன் காலடித் தடம். பிறகு ரத்தக் குழாய்களின் உள்சுவரில் குடியேறி, சுவரை அரிக்கும். அரித்த இடத்தில் ரத்தம் கசிகிறது, அதுதான் இந்தப் புள்ளிகள். என் கையை நானே தூக்கிப் பார்த்தேன். என் உடம்புக்குள் இத்தனை இடத்தில் சுவர் ஒழுகுகிறதா என்று பயமும், அதைவிட அதிகமாக ஒரு பிரமிப்பும் வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று, நாய்மேல் இருந்த ஒன்றுக்குள் இருந்துகொண்டு, இவ்வளவு வேலை பார்த்திருக்கிறது.

மருந்து இருந்தது. அதில்தான் சிக்கல். இரண்டு மருந்து உண்டு, இரண்டும் கேட்கும். ஒன்று, ரத்தம் ஊறுவதையே சில பேருக்கு நிறுத்திவிடும். எனக்கோ ஏற்கெனவே ரத்தம் குறைவு. இன்னொன்று டெட்ராசைக்ளின் என்கிற காப்சூல். அதைக் கர்ப்பத்தில் கொடுத்தால் தாயின் கல்லீரலைக் கண்காணிக்க வேண்டும். குழந்தையின் எலும்பிலும் பல்லிலும் அந்த மருந்து போய்த் தங்கும். பல் மஞ்சளாக, கறையாக முளைக்கும். விழுந்து முளைக்கிற பல் பெரும்பாலும் நன்றாக வந்துவிடும். ரத்தப் பரிசோதனை முடிவு வர நாளாகும், அதுவரை காத்திருக்க முடியாது, கர்ப்பிணி என்பதால் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றார்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"பல்லு எந்த நெறமா இருந்தா இன்னாம்மா. சிரிக்கிறதுக்கு ஒரு வாயி வந்தா போதும். குடுங்க."

சொல்லிவிட்டு முந்தானையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். வெற்றிலை போட்டுப் போட்டு அவருடைய பற்கள் புளியங்கொட்டை நிறத்தில் இருக்கும். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது, ஆனால் சிரிக்கத் தலை விடவில்லை.

காப்சூலைப் பாலோடு கொடுக்கக் கூடாதாம், பால் அதன் வேலையைக் கெடுத்துவிடுமாம். ஊருக்குப் போய்ச் செவலையின் பாலைத் தூக்குவாளியில் கொண்டுவந்திருந்த வீட்டுக்காரர் அதைப் பக்கத்துக் கட்டில்களுக்கு ஊற்றிக் கொடுத்தார். முதல் நாள் எந்த மாற்றமும் இல்லை. அடுத்த நாள் சாயங்காலம் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அத்தை அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்கு மறுநாள் காலை, கண்ணைத் திறந்தால் வெளிச்சம் குத்தவில்லை. ஜன்னல் கம்பியில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. காக்கை இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. வேப்பிலைக்கும் கூழுக்கும் ஈரத்துணிக்கும் அசையாத காய்ச்சல், இரண்டு நிறத்தில் இருந்த ஒரு சின்னக் காப்சூலுக்குப் பணிந்துவிட்டது.

அன்று நான் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தபோது, உள்ளேயிருந்து ஒரு உதை. கையில் இருந்த இட்லி கீழே விழுந்தது. அத்தையின் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தேன். மறுபடியும் ஒரு உதை. விழுந்த இட்லியை அத்தை எடுத்து ஊதி அவரே தின்றார்.

ரத்தப் பரிசோதனையைப் பற்றி டாக்டரம்மா சொன்னதை மறக்க முடியாது. அந்தக் கிருமி உயிருள்ள உடம்பின் செல் என்கிற நுண்ணறைகளுக்குள்தான் பிழைக்கும், சாதாரண ஆஸ்பத்திரியில் அதை வளர்த்துப் பார்க்க முடியாது. ஆகவே அதோடு சம்பந்தமே இல்லாத வேறொரு கிருமியை எடுத்துக்கொள்வார்களாம். இரண்டுக்கும் வெளித்தோல் மட்டும் ஒரே ஜாடை. என் ரத்தத்தில் தெளிந்த நீரை அதனோடு சேர்த்தால், என் ரத்தம் இதுதான் என்னை வதைத்தவன் என்று நினைத்துப் பிடித்துக் கட்டிப்போடும். கலங்கிய நீர் திரிந்து அடியில் படியும். ஆள் மாறாட்டத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கிற வேலை. என் ரத்தமும் அப்படியே படிந்தது. யாருக்கு இப்படி ஒரு யோசனை தோன்றியிருக்கும் என்று நான் கட்டிலில் படுத்துக்கொண்டு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா கேட்டார் என்று வீட்டுக்காரர் தீப்பெட்டியில் உண்ணிகளைக் கொண்டுவந்தார். செவலையின் மேல் இருந்தவை சாம்பல் நிறத்தில் ஆமணக்கு விதைபோல் ஊதியிருந்தன. கருவாயனுடையவை சின்னதாக, பழுப்பாக இருந்தன. பழுப்பு நிறத்தைத்தான் டாக்டரம்மா அதிகம் சந்தேகப்பட்டார். நடக்கத் தெம்பு வந்ததும் என்னை அழைத்துப்போய் பூதக்கண்ணாடிக் குழாயில் பார்க்க வைத்தார். வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அரம் இருந்தது. அரத்தின் பல்லெல்லாம் பின்பக்கம் பார்த்து மடங்கியிருந்தன, போனால் திரும்பி வராதபடி. கண் இல்லாத சில சாதிகள்கூட மூச்சுக்காற்றையும் உடம்புச் சூட்டையும் வைத்தே ஆளை அறியுமாம். இரை வராவிட்டால் மாதக்கணக்கில் பட்டினி கிடக்குமாம். இந்தக் கிருமி உள்ளே இருப்பதால் உண்ணிக்குக் காய்ச்சல் வருமா என்று கேட்டேன். பெரும்பாலும் அதற்கு ஒன்றும் ஆகாது என்றார். தாய் உண்ணி முட்டையிடும்போது அந்தக் கிருமியும் முட்டைக்குள் போய்விடுமாம், பிறக்கிற குஞ்சு கிருமியோடுதான் பிறக்குமாம். என் வயிற்றில் என் கை தானாகப் போய் நின்றது. எல்லாத் தாயும் பிள்ளைக்கு ஏதோ ஒன்றைக் கொடுத்துத்தான் அனுப்புகிறாள் என்று தோன்றியது.

ஊருக்குத் திரும்பியபோது கருவாயனை அடித்துப் போடச் சொல்லி நாலு பேர் வந்தார்கள். வீட்டுக்காரர் அவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, உத்திரமேரூர் மாட்டாஸ்பத்திரியில் வாங்கிய மருந்தைக் கரைத்து நாயையும் மாட்டையும் குளிப்பாட்டினார், கொட்டகைச் சந்துகளிலும் ஊற்றினார். உண்ணி எடுக்கக் கொட்டாங்கச்சியில் கிரசின் வந்தது. இலையை மடித்துப் பிடித்து எடுத்து அதில் போடுவோம். சத்தம் வராததால் அத்தைக்கு வேலை முடிந்த திருப்தியே இல்லை. ஆனாலும் தெருவில் யாராவது நகத்தில் குத்தினால் அவர்தான் முதலில் சண்டைக்குப் போவார்.

பெண் பிறந்தாள். முதல் பல் முளைத்தபோது ஈறைக் கிழித்துக்கொண்டு மஞ்சள் கிழங்கு நிறத்தில் வந்தது. அடுத்தடுத்து எல்லாம் அப்படியே. நான் காப்சூல் விழுங்கிய நாட்கள் அவள் வாயில் வரிவரியாக இருந்தன. பள்ளிக்கூடத்தில் பல் தேய்க்காதவள் என்று கேலி செய்தார்கள். வாயை மூடிக்கொண்டு அழுதுகொண்டு வந்தாள். அத்தை அவளைத் தூக்கிக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, தானும் பக்கத்தில் நின்று, இரண்டு பேரும் ஈயென்று இளித்துப் பார்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவள் பல்லைக் காட்டாமல் சிரித்ததே இல்லை.

முதல் பல் ஆடி விழுந்தது. வழக்கப்படி செவலையின் சாணியில் அதை உருட்டிக் கூரைமேல் எறிந்தோம். கொஞ்ச நாளில் அந்த இடத்தில் புதுப்பல் எட்டிப் பார்த்தது. டாக்டரம்மா சொன்னபடியே பளீரென்று வெள்ளையாக இருந்தது. நான் ஓடிப்போய் அத்தையைக் கூட்டிவந்தேன். அவர் பேத்தியின் உதட்டை விரலால் தூக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எல்லார் வூட்டுப் பல்லு மாரிதான் கீது" என்றார்.

உதட்டை விட்டுவிட்டு வாசலுக்குப் போய், நிமிர்ந்து, மஞ்சள் பல்லை எறிந்த கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.